எக்டோயின், பாந்தெனால், செராமைடு, நயாசினமைடு: நொந்த சருமத்துக்கு எது முதலில்?

முகம் கழுவித் துடைத்ததும் கன்னம் இறுக்கிப் பிடிக்கிறது. பல மாதங்களாக ஒத்துக்கொண்ட கிரீமே மூக்கோரத்தில் சுரீரென்று எரிகிறது. கண்ணாடியில் பார்த்தால் பருவும் இல்லை, தடிப்பும் இல்லை, ஆங்காங்கே சிவப்பு மட்டும் தெரிகிறது. சுருக்கங்களுக்குப் பூசும் வைட்டமின் ஏ வகையான ரெட்டினாலையோ, இறந்த செல்களை உரிக்கும் அமிலங்களையோ அளவுக்கு மீறிப் பூசியவர்களுக்கும் இயல்பிலேயே மென்மையான சருமம் வாய்த்தவர்களுக்கும் இந்த நிலை நன்கு பழக்கமானது. இதற்குத் தீர்வாக எக்டோயின், பாந்தெனால், செராமைடு, நயாசினமைடு ஆகிய நான்கும் முன்வைக்கப்படுகின்றன. நான்கு குப்பிகளிலும் சருமத்தின் பாதுகாப்புப் படலத்தைக் காக்கும் என்று ஏறக்குறைய ஒரே வாசகம் அச்சிடப்பட்டிருப்பதால், எதை வாங்கினாலும் பலன் ஒன்றுதான் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. உண்மையில் அவை செய்யும் வேலைகள் வேறு வேறு என்பதோடு, எந்த நிலையில் பூசுகிறோம் என்பதைப் பொறுத்து ஒன்று நன்மையும் மற்றொன்று தொல்லையும் தரக்கூடும்.

இந்த நால்வரில் புதியதாகப் பேசப்படுவது எக்டோயின். எகிப்தின் வாடி எல் நாட்ரூன் உப்பு ஏரிகளைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவில் இது இருப்பதை எர்வின் காலின்ஸ்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1985இல் அறிவித்தார்கள். கடும் உப்பிலும் வெப்பத்திலும் உடலின் நீரை இழந்து சாகாமல் இருப்பதற்காக அந்த நுண்ணுயிர் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும் சிறு மூலக்கூறு இது. (ஹாலோமோனாஸ் இலாங்கேட்டா என்ற பாக்டீரியாவை உப்பு மிகுந்த நீரில் வளர்த்து, பிறகு திடீரென உப்புக் குறைந்த நீருக்கு மாற்றினால் அது எக்டோயினை வெளியே விட்டுவிடும், தொழிற்சாலைகள் இவ்வாறுதான் இதைக் கறந்தெடுக்கின்றன.) இதன் செயல்முறை சற்று விந்தையானது. புரதத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் அதன் மேற்பரப்பிலிருந்து விலகியே நிற்பதால், புரதத்தைச் சுற்றியுள்ள நீர்ப்போர்வை கலையாமல் இருக்கிறது. அந்தப் போர்வை இருக்கும்வரை வெப்பமும் வறட்சியும் புரதத்தின் மடிப்பை எளிதில் குலைத்துவிட முடியாது. செல்களின் ஏற்பிகளை, அதாவது வெளியிலிருந்து வரும் சமிக்ஞைகளை வாங்கும் புரதங்களை, தூண்டாமல் சுற்றுப்புற நீரின் வழியாகவே வேலை செய்வது இதன் பெரிய பலம் என்பது என் கணிப்பு. எரிந்துகொண்டிருக்கும் முகத்திலும் இது பெரும்பாலும் எரிவதில்லை.

ஆயினும் எக்டோயின் காவல் காக்கும் பொருளே தவிர, பழுது பார்க்கும் பொருள் அன்று. புற ஊதா ஏ கதிர்களால் செல்களுக்கு ஏற்படும் சேதத்தை இது குறைப்பதாக ஆய்வக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன என்றாலும், இது கதிர்களை உறிஞ்சும் வடிகட்டி அன்று என்பதால் சன்ஸ்கிரீனுக்கு மாற்றாக முடியாது. அளவு பற்றிய ஒரு குறையும் உண்டு. லேசானது முதல் மிதமானது வரையிலான அடோபிக் தோலழற்சி (அரிப்போடு நீடிக்கும் ஒருவகை எக்ஸிமா) உள்ளவர்களிடம் நடத்திய ஓர் ஒப்பீட்டு ஆய்வில், ஸ்டீராய்டு கலக்காத மற்றொரு அழற்சி எதிர்ப்புக் கிரீமுக்கு ஈடான பலனை எக்டோயின் கிரீம் கொடுத்தது. அந்தக் கிரீமில் இருந்தது 7 சதவீதம். அழகுசாதன சீரம்களில் கிடைப்பதோ பெரும்பாலும் 0.5 முதல் 2 சதவீதம் வரைதான். அந்த ஆய்வின் பெயரைச் சொல்லி இந்தச் சீரத்தை விற்பது நேர்மையான வாதம் ஆகாது.

பாந்தெனாலுக்கு இத்தகைய கதைக் கவர்ச்சி கிடையாது. தோலுக்குள் சென்றதும் இது பாந்தோதெனிக் அமிலமாக, அதாவது வைட்டமின் பி5 ஆக மாறுகிறது. அதிலிருந்து செல்கள் உருவாக்கும் கோஎன்சைம் ஏ, மேல்தோலுக்குத் தேவையான கொழுப்புகளைத் தயாரிக்கப் பயன்படுகிறது. ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதோடு சிறு சிராய்ப்புகள் ஆறவும் உதவுவதால், 5 சதவீதக் களிம்பு பல தலைமுறைகளாக மருந்தகங்களில் புழங்கிவருகிறது. எரிச்சல் உச்சத்தில் இருக்கும் முதல் சில நாட்களுக்கு, எக்டோயினையும் பாந்தெனாலையும் எதிரெதிரே வைத்து ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், நான் தயங்காமல் பாந்தெனாலையே எடுப்பேன். அரிதாகச் சிலருக்கு இதனால் தொடு ஒவ்வாமை வருவதுண்டு. பூசப் பூசச் சிவப்பு கூடுமானால் சந்தேகத்தை முதலில் இதன் மேலேயே வைக்கலாம்.

செராமைடு வேறு வகை, தோலிலேயே இயல்பாக உள்ள ஒரு கொழுப்பு. மேல்தோலின் செல்களைச் செங்கற்கள் என்று கொண்டால், அவற்றுக்கு இடையில் உள்ள சாந்தில் எடைக்கணக்கில் ஏறத்தாழப் பாதி செராமைடுதான். மீதியில் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும் பெரும் பங்கு. இங்கே விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது, செராமைடை மட்டும் தனியே பூசினால் பழுதடைந்த படலம் சீராவது தாமதமாகவும் கூடும் என்பதைப் அமெரிக்கத் தோல் மருத்துவ ஆய்வாளர் பீட்டர் எலியாஸின் ஆய்வுக்குழு 1990களிலேயே கண்டறிந்திருக்கிறது என்பதைத்தான். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் முழுப் பலன். ஆகவே குப்பியின் முகப்பில் செராமைடு என்று பெரிதாக எழுதியிருந்தாலும், பின்பக்கப் பட்டியலில் கொலஸ்ட்ரால் இருக்கிறதா என்று பார்த்த பிறகு வாங்குவதே சரி.

வைட்டமின் பி3இன் ஒரு வடிவமான நயாசினமைடு தோலையே செராமைடு தயாரிக்கத் தூண்டும். கரும்புள்ளிகளையும் மங்கச் செய்யும். 2 முதல் 5 சதவீதம் வரை இது நன்கு ஆராயப்பட்ட பொருள். ஆனால் 10 சதவீதச் சீரம் ஒன்றை நொந்த முகத்தில் பூசினால், பலருக்குச் சூடும் குறுகுறுப்பும்தான் மிஞ்சும். இதை நான் நான்காவது இடத்தில் வைப்பது தரம் குறைவு என்பதற்காக அன்று, தோல் அடங்கிய பிறகே இதற்கு வேலை என்பதற்காக.

இவற்றில் எதையும் வாங்கும் முன் பொருள் பட்டியலில் ஃபீனாக்சி எத்தனால் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். பல குப்பிகளில் காணப்படும் இந்தப் பதனப்பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றிய விதிகள் 1 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்திருக்கின்றன. 1 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றை இறங்குவரிசையில் எழுதவேண்டும் என்பதும் அங்குள்ள விதி. எனவே அந்த விதிகளின்படி தயாரான ஒரு சீரத்தில் எக்டோயின் அதற்குப் பின்னால் வந்தால், அதன் அளவு 1 சதவீதத்தைத் தாண்டியிருக்காது. பாந்தெனாலுக்கும் நயாசினமைடுக்கும் இதே கணக்கைப் போடலாம். செராமைடுக்குப் போடக்கூடாது, நல்ல கிரீம்களிலும் அது மிகச் சிறிய அளவில் பட்டியலின் கடைசியில் இருப்பது இயல்பு.

ரெட்டினாலை விட மனமில்லாதவர்கள், எரிச்சல் தணியும்வரை அதை நிறுத்திவிட்டுப் பாந்தெனாலோடும் மூன்று கொழுப்புகளும் உள்ள ஒரு கிரீமோடும் இருந்துவிட்டு, மீண்டும் தொடங்கும்போது எக்டோயினைச் சேர்த்துக்கொள்வது நல்லது; வரப்போகும் சேதத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை என்பதால் அதற்குரிய இடம் அதுவே.