நுரை வாளுக்கும் கேடயத்துக்கும் உள்ளே எதை வைப்பது?

விளையாட்டுச் சண்டைக்கு, தண்டின்மேல் நுரை (ஃபோம்) சுற்றிய ஆயுதம் செய்யப் புதிதாக இறங்குபவர்கள் ஃபோம் எது நல்லது என்று நாள்கணக்கில் விசாரிப்பார்கள். உள்ளே போகும் தண்டுக்குக் கையில் கிடைத்த பைப்பை வெட்டி வைத்துவிடுவார்கள். அடி எவ்வளவு மெத்தென்று விழும் என்பது ஃபோமின் வேலை. வாள் சொன்ன இடத்தில் நிற்குமா, உடைகிற நாளில் எதிரில் நிற்பவருக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் தண்டைப் பொறுத்தது. எந்தத் தண்டும் ஒருநாள் உடையும். ஆகவே விறைப்பு, எடை, உடையும் விதம் என்று மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வாளுக்கு

90 செ.மீ. தண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அரை அங்குல ஸ்கெட்யூல் 40 (சுவர்த் தடிமனைக் குறிக்கும் தரம்) பிவிசி பைப்பின் வெளிவிட்டம் 21.3 மி.மீ., சுவர் 2.77 மி.மீ.; எடை 200 கிராம் அளவில் வரும். 12 மி.மீ. கெட்டி ஃபைபர்கிளாஸ் (கண்ணாடி இழை) கம்பியும் கிட்டத்தட்ட அதே எடைதான், ஆனால் விறைப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். அதே ஃபைபர்கிளாஸை வெளியே 16, உள்ளே 12 மி.மீ. உள்ள குழாயாக எடுத்தால் எடை 150 கிராமுக்கு இறங்கிவிடும். விறைப்போ பிவிசியைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வெளியே 14, உள்ளே 11 மி.மீ. உள்ள கார்பன் இழைக் குழாய் 80 கிராம்தான், விறைப்பு ஐந்தாறு மடங்கு. வளைவதைத் தடுப்பதில் வெளிப்புறப் பொருளுக்கே பங்கு அதிகம், நடுவில் இருப்பது பெரும்பாலும் சுமை. குழாய் கம்பியை முந்துவது இதனால்தான்.

எண்களைப் பார்த்துக் கார்பனுக்குத் தாவ வேண்டாம். கார்பன் முன்னறிவிப்பே இல்லாமல் படாரென்று முறியும். முறிந்த முனை ஊசிக்கற்றைபோல ஃபோமைத் துளைத்து வெளியே வரும். ஃபைபர்கிளாஸ் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும். வாளின் இரு முனையையும் பிடித்து, காதருகே வைத்து மெல்ல வளைத்துப் பாருங்கள். 'கிரிச்' என்று சத்தம் வந்தால் உள்ளே இழைகள் பிரியத் தொடங்கிவிட்டன. உறையைக் கழற்றினால் அந்த இடம் வெளுத்திருக்கும். அந்தத் தண்டு அன்றோடு ஓய்வு.

பிவிசி மலிவு, வெட்டுவதும் சுலபம். பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம், நீள வாளுக்கு வேண்டாம். வீசும்போது நுனி பின்தங்கி வரும். கேடயத்தின் விளிம்பில் பட்டதும் சாட்டைபோலச் சுற்றிக்கொண்டு அதற்குப் பின்னால் இருக்கும் தலையில் இறங்கும். குளிரில் சில்லு சில்லாக உடையும், வெயிலில் கிடந்தால் நாளடைவில் மொறுமொறுத்துப்போகும். போதாததற்கு, தண்டே 21 மி.மீ. என்றால் இருபுறமும் 25 மி.மீ. ஃபோம் வைத்தபின் வாள் 7 செ.மீ. தடிமனாகி உருட்டுக்கட்டைபோல ஆகிவிடும்.

எங்கள் தேர்வு ஃபைபர்கிளாஸ் குழாய். ஒரு முழத்துக்கு மேல் போகாத குறுவாளுக்குப் பிவிசி போதும். அலுமினியம் எதற்கும் வேண்டாம்: ஒருமுறை மடங்கினால் நிமிராது, மடிப்பு விழுந்த இடம் ஃபோமை உள்ளிருந்தே அறுக்கும்.

வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, பொடிப்பல் ஹேக்சா பிளேடால், குழாயைத் திருப்பித் திருப்பி அறுக்க வேண்டும். ஒரே பக்கமாக அறுத்தால் கடைசி இழைகள் பிய்ந்து நீளவாக்கில் கீறல் ஓடும். தூசு பறக்காமல் இருக்க நனைத்துக்கொள்ளுங்கள். முகமூடி, கையுறை கட்டாயம். தோலில் ஏறிய கண்ணாடிச் சிலாம்பு கண்ணுக்கும் தெரியாது, லேசில் வரவும் வராது. வெட்டுவாயில் எபாக்சி பசை தடவி இழைகளை அடைத்துவிடுங்கள். பிறகு தண்டு முழுவதையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கித் துடைத்து, இழை ஓடும் ஸ்ட்ராப்பிங் டேப்பை நீளவாக்கில் ஒட்டி, அதன்மேல் சுருளாகச் சுற்ற வேண்டும். தண்டு உள்ளே முறிந்தாலும் துண்டுகள் பிரிந்து வராமல் இது பிடித்துக்கொள்ளும்.

நுனியை அப்படியே விட்டால் குழாயின் விளிம்பு, காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்ச்போல, ஒவ்வொரு குத்துக்கும் ஃபோமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடையும். வாயை அடைத்து, குழாயைவிட அகலமான தடித்த தோல் வட்டு ஒன்றை ஒட்டி, அதற்கு மேல் 5 முதல் 7 செ.மீ. ஃபோம் வையுங்கள். தண்டு முறிவது பெரும்பாலும் ஃபோம் முடிந்து பிடி தொடங்கும் இடத்தில்தான். அங்கே இருபுறமும் 10 செ.மீ. வரை கூடுதலாக டேப் ஓடட்டும்.

ஈட்டிக்குக் கணக்கே வேறு. நீளம் இரட்டித்தால் அதே விசைக்கு வளைவு எட்டு மடங்கு. வாளுக்குப் போட்ட 16 மி.மீ. குழாய் 2 மீட்டரில் தூண்டில்போல ஆடும். 25 மி.மீ. குழாய் வேண்டும். மூங்கிலும் ஆகும், நன்கு காய்ந்ததாகப் பார்த்து, கணுக்களைச் செதுக்கிச் சமமாக்கி, கணுவுக்குக் கணு டேப் சுற்றினால் நீளவாக்கில் பிளப்பது குறையும்.

கேடயத்துக்கு

இங்கே விறைப்பு பெரிய பிரச்சினை இல்லை. விளிம்பும் கைப்பிடியும்தான் படுத்தும். 60 செ.மீ. வட்டக் கேடயத்துக்கு 6 மி.மீ. பிளைவுட் ஒரு கிலோ, 5 மி.மீ. ஹெச்டிபிஇ (டிரம் செய்யும் கெட்டிப் பிளாஸ்டிக்) 1.35 கிலோ, 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் (வெப்பம் தடுக்கும் பாலிஸ்டைரின் நுரை) காப்புப் பலகை கால் கிலோ.

பிளைவுட்டில் பசை நன்றாகப் பிடிக்கும், கைப்பிடியின் போல்ட்டும் நிற்கும். ஈரம் ஏறினால்தான் அடுக்கு பிரியும், அதனால் ஃபோம் ஒட்டுமுன் விளிம்பில் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துவிடுங்கள். ஹெச்டிபிஇ உடைவது அரிது. பிளாஸ்டிக் டிரம்மில் வெட்டியது என்றால் வளைவே விறைப்பைத் தரும். ஆனால் எந்தப் பசையும் அதில் நம்பும்படி ஒட்டாது: சில நாளில் ஃபோம் உறைபோலக் கழன்றுவரும். விளிம்பைச் சுற்றி 5 செ.மீ.க்கு ஒரு துளை போட்டு, கயிற்றால் ஃபோமைத் தைத்துக் கட்டுவதே வழி.

எக்ஸ்பிஎஸ்ஸின் எடை ஆசை காட்டும். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். கரைப்பான் கலந்த சாதாரண கான்டாக்ட் பசை பட்டால் பலகை உருகிக் குழி விழும்; நீர் கலந்த பசையோ பாலிஸ்டைரினுக்கென்றே வரும் பசையோ வாங்குங்கள். போல்ட்டை நேராகப் போட்டால் முதல் பலத்த அடியிலேயே பிய்த்துக்கொண்டு வரும். முன்னும் பின்னும் ஒரு சாண் அகலப் பிளைவுட் தகடு வைத்து, நடுவில் பலகை அகப்படும்படி முடுக்க வேண்டும். போல்ட் தலை முன்பக்கம், நட்டு கைப்பக்கம். இரண்டின் மேலும் ஃபோம் மூட வேண்டும். நட்டுக்கு வெளியே நீட்டும் மரையை அறுத்துவிட மறக்காதீர்கள், முதலில் கிழிவது பிடித்திருப்பவரின் முன்கைதான்.