16 இன்ச் கார் சக்கரத்திலிருந்து 15-க்கு இறங்கினேன்: 46,000 கிலோமீட்டருக்குப் பிறகு

போன வாரம் கோவையிலிருந்து நண்பன் கூப்பிட்டான். புது வண்டி புக் பண்ணப் போகிறானாம். "மச்சான், ஒரு வேரியன்ட்ல 16 இன்ச், மேல இருக்கறதுல 17 இன்ச். 17 பார்க்கவே கெத்தா இருக்குடா, எடுத்துடவா?" என்றான். முக்கால் மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. அவனை மாதிரி இன்னும் நாலு பேர் கேட்பார்கள் என்பதால் மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் வண்டி 2019 கடைசியில் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக், மேல் வேரியன்ட். ஏர்பேக்குக்காகத்தான் மேல் வேரியன்ட் எடுத்தேன், சக்கரத்துக்காக இல்லை. ஆனால் அதோடு சேர்ந்தே 16 இன்ச் அலாய் ரிம்மும் (அலுமினியக் கலவையில் செய்தது) 195/55 டயரும் வந்தன. 195 என்பது டயரின் அகலம் மி.மீ.-ல், 55 என்பது பக்கவாட்டுச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. அதே வண்டியின் கீழ் வேரியன்ட்டில் 15 இன்ச் இரும்பு ரிம், 185/65 டயர். பாதுகாப்பு வேண்டும் என்றால் பெரிய சக்கரத்தையும் சேர்த்துத்தான் வாங்கியாக வேண்டும் என்று எதற்காகக் கட்டிப் போடுகிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் குறைந்ததே இல்லை.

வீடு பூந்தமல்லி, அம்மா இருப்பது ஆற்காடு. மாதத்தில் மூன்று நான்கு முறை போய் வருவேன். போக நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சென்னை–பெங்களூரு சாலையில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபேட்டை வரை போனவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. ஆறு வழிச்சாலை வேலை, பாதியில் நிற்கும் பாலங்கள், அவற்றைச் சுற்றிப் போகும் மாற்றுப்பாதைகள், மழை பெய்தால் எது தண்ணீர் எது பள்ளம் என்றே தெரியாது. சாலை சரியாகும்வரை பாதிச் சுங்கம் வாங்கினால் போதும் என்று 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றமே சொல்லும் அளவுக்கு இருந்த சாலை.

முதல் ஒரு வருடம் 16 இன்ச் எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டதும் வண்டி திரும்பும். ஏலகிரியில் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி சாயாமல் ஏறியது, அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் நினைவிருக்கிறது. நல்ல சாலையில் அந்த டயருக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

குறையெல்லாம் கெட்ட சாலையில்தான். சின்னச் சின்ன ஒட்டுப்போட்ட இடம், பாலத்து இணைப்பு, வெள்ளைக்கோடு தடிமனாகப் போட்ட வரிசைத் தடை, எல்லாமே இடுப்பில் தெரியும். பெரிய பள்ளத்தை எப்படியோ பார்த்து ஒதுங்கிவிடலாம், இந்தச் சின்ன அதிர்வுகளுக்குத் தப்பவே முடியாது. பின் சீட்டில் அம்மா வாலாஜா சுங்கச்சாவடி வரும்போதே ஒரு கையால் மேலே இருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் கொடுத்திருப்பார். எனக்குக் கண்ணாடியில் தெரியும். அப்போது நான் செய்தது ஒரு தப்பு. 33 பிஎஸ்ஐ வைக்க வேண்டிய இடத்தில் 28 வைத்தேன், காற்று குறைந்தால் மெத்தென்று போகும் என்று. கொஞ்சம் மெத்தென்று போனதும் உண்மை.

2021 நவம்பர் மழை. ராத்திரி ஒன்பது மணி இருக்கும், தாமல் தாண்டி ஒரு மாற்றுப்பாதை மறுபடி தார்ச்சாலையோடு சேரும் இடத்தில் விளிம்பு உடைந்து கத்தி மாதிரி நின்றது. தண்ணீருக்குள் இருந்ததால் தெரியவில்லை. வேகம் நாற்பதுதான். "டங்" என்று ஒரே சத்தம், உலோகத்தில் உலோகம் பட்ட மாதிரி. இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தால் முன் இடது சக்கரத்தில் ரிம்மின் விளிம்பு உள்ளே மடங்கியிருந்தது. டயரின் பக்கவாட்டில் அரை எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. விரலால் அழுத்தினால் உள்ளே போய் மெதுவாக வெளியே வந்தது.

காவேரிப்பாக்கத்தில் பஞ்சர் கடைக்காரர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: "சார், உள்ள நூல் அறுந்துடுச்சு. இது இனி ஆகாது, எப்ப வேணும்னாலும் வெடிக்கும்." அதுதான் விஷயம். டயரின் பக்கவாட்டுச் சுவருக்குள் நூல் நூலாகப் பின்னல் இருக்கிறது. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவில் அந்தச் சுவர் நசுங்கும்போது நூல் அறுந்துபோகிறது. அப்புறம் அந்த இடத்தில் காற்றைத் தாங்குவது வெறும் ரப்பர் மட்டும்தான். இதற்கு ஒட்டு கிடையாது, பேட்ச் கிடையாது, டயரை மாற்றியே ஆக வேண்டும். சுவரின் உயரம் குறையக் குறைய நசுங்குவது சுலபம், காற்றும் குறைவாக இருந்தால் இன்னும் சுலபம். 28 பிஎஸ்ஐ வைத்தது எவ்வளவு தப்பு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சொகுசுக்காகக் காற்றைக் குறைக்காதீர்கள், காரின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன இருக்கிறதோ அதையே வையுங்கள், அதையும் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

வாரன்டியில் கேட்டுப் பார்த்தேன். அடிபட்ட சேதத்துக்குக் கிடையாது என்றார்கள். அன்றைக்கு சர்வீஸ் சென்டரில் சத்தம் போட்டுவிட்டு வந்தேன், ஆனால் அவர்கள் சொன்னது சரிதான், டயரில் தயாரிப்புக் குறை எதுவும் இல்லை. இன்ஷூரன்ஸும் கை கொடுக்கவில்லை. சாதாரண பாலிசியில் டயர் மட்டும் போனால் ஒன்றும் வராது, வண்டிக்கும் சேர்த்து அடிபட்டால் டயர் விலையில் பாதி. டயருக்கென்று தனியாக ஒரு கவர் விற்கிறார்கள், நான் எடுக்கவில்லை.

மடங்கிய அலாயைப் பெண்ட் எடுக்கக் கொடுத்தேன். சூடு காட்டி நிமிர்த்தித் தருகிறோம் என்றார்கள். கொடுத்த பிறகுதான், நிமிர்த்தும்போது உள்ளே மயிர்க்கோடாக விரிசல் விட்டிருந்தால் காற்று மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதும் தெரிந்தது. எனக்கு அதேதான் ஆனது, வாரத்துக்கு ஐந்து பிஎஸ்ஐ இறங்கியது. ரிம்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஒன்று தேடி வாங்கி வர மூன்று வாரம். அதுவரை ஓடியது ஸ்டெப்னி.

இந்தப் பெயரைப் பற்றி ஒன்று. வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் இருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் உபரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அந்தத் தெருவின் பெயர்தான் இன்றைக்கும் காவேரிப்பாக்கம் பஞ்சர் கடை வரைக்கும் வந்திருக்கிறது.

என் ஸ்டெப்னி கீழ் வேரியன்ட்டின் சக்கரம். 15 இன்ச் இரும்பு, 185/65. மூன்று பக்கம் 16, முன் இடது பக்கம் மட்டும் 15. இப்படிக் கலந்து ஓட்டுவது நல்லதல்ல, அதிலேயே 80-க்கு மேல் போகாதே என்று ஸ்டிக்கரும் இருந்தது, நான் அறுபதைத் தாண்டவில்லை. ஆனால் முதல் நாளே ஒன்று புரிந்துவிட்டது. எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை மூடி ஒன்று சாலை மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே கிடக்கும். வலது சக்கரம் ஏறினால் "தட்" என்று கேட்கும். இடது சக்கரம் ஏறினால் "தொப்". நம்பாமல் திரும்பி வந்து மறுபடி ஏற்றினேன். ஐந்து முறை ஏற்றியிருப்பேன். ஒவ்வொரு முறையும் "தொப்"தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், யார் வேண்டுமானாலும் போடலாம். 195-ல் 55 சதவீதம் 107 மி.மீ., அதுதான் டயர்ச் சுவரின் உயரம். 185-ல் 65 சதவீதம் 120 மி.மீ. ரிம்மோடு மேலும் கீழும் இந்த உயரத்தைக் கூட்டினால் முதல் சக்கரத்தின் மொத்த விட்டம் 620.9 மி.மீ., இரண்டாவது 621.5 மி.மீ. அதாவது சக்கரம் வெளியே ஒரே அளவு, ஸ்பீடோமீட்டருக்கு வித்தியாசமே தெரியாது, தரையிலிருந்து வண்டியின் உயரமும் மாறாது. அகலம் கொஞ்சம் குறைவதை விட்டால் முக்கியமாக மாறுவது ஒன்றுதான். இரும்புக்கும் சாலைக்கும் நடுவில் 13 மி.மீ. ரப்பரும் காற்றும் கூடுதல். ஒரு விரல் தடிமன். சொகுசு முழுக்க அந்த ஒரு விரலில்தான் இருக்கிறது.

2022 ஜனவரியில் நான்கையும் மாற்றினேன். பழைய மார்க்கெட்டில் கீழ் வேரியன்ட்டின் இரும்பு ரிம் சுலபமாகக் கிடைத்தது, நிறைய பேர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அலாய் போடுகிறார்கள். டயர் புதிது, பக்கத்தில் 4621 என்று இருந்தது, 2021-ன் 46-வது வாரம் செய்தது என்று அர்த்தம். வாங்கும்போது இந்த நான்கு எண்ணைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள், ஒரு கடையில் எனக்கு இரண்டு வருடம் பழையதை எடுத்துவந்தார்கள். நான்கு டயருக்கும் சேர்த்து 16 இன்ச்சை விட ஆறாயிரத்துக்கு மேல் மிச்சம். அலாய் என்றால் இலேசு என்று எல்லோரும் சொல்வார்கள். மாற்றும்போது இரண்டையும் டயரோடு தூக்கிப் பார்த்தேன், என் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எல்லா வண்டிக்கும் இப்படி இறக்க முடியாது. மேல் வேரியன்ட்டில் முன் பிரேக் பெரிதாக இருந்தால் 15 இன்ச் ரிம்முக்குள் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) இடிக்கும். என் வண்டியில் இரண்டுக்கும் ஒரே பிரேக், ஒரே நான்கு போல்ட், அந்த போல்ட்கள் அமைந்த ஒரே 100 மி.மீ. வட்டம், அதனால் தொந்தரவில்லை. லோடு இன்டெக்ஸும் குறையக்கூடாது. பழையது 87, அதாவது ஒரு டயர் 545 கிலோ தாங்கும். புதியது 88, 560 கிலோ. முக்கியமாக, கம்பெனியே அந்த மாடலுக்குக் கொடுத்த அளவாக இருக்க வேண்டும். நாமாக ஒரு அளவைக் கண்டுபிடித்துப் போட்டால் விபத்து என்று வரும்போது இன்ஷூரன்ஸில் கேள்வி வரும்.

அந்தப் பொங்கலுக்கு அம்மாவை ஆற்காட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். சக்கரம் மாற்றியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுங்குவார்சத்திரம் தாண்டியதும் கேட்டார்: "ரோடு போட்டுட்டாங்களாப்பா? இன்னிக்கு இடுப்பு வலிக்கவே இல்லையே." ரோடு போடவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், இரண்டு கையும் மடியில் இருந்தன.

இப்போது வண்டி 78,000 கிலோமீட்டர். 15 இன்ச்சில் மட்டும் 46,000. ஒரு புடைப்புகூட இல்லை. இரும்பு ரிம் இரண்டு முறை மடங்கியது, இரண்டு முறையும் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, பேலன்ஸ் பார்த்து, ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. 16-ல் இருந்தபோது 29,000-லேயே சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராடு கடகடவென்று சத்தம் போட்டு மாற்றினேன், அதற்குப் பிறகு போட்டது இன்னும் சத்தமில்லாமல் ஓடுகிறது. டயர் பட்டன், அதாவது சாலையில் படும் ரப்பரின் வரிப்பள்ள ஆழம், இன்னும் மூன்று மி.மீ.க்கு மேல் இருக்கிறது. 1.6 வந்தால் மாற்றியே ஆக வேண்டும். அதற்கு முன்னாலேயே ரப்பர் வயதாகிவிடும் என்பதால் இந்த மழைக்கு முன் மாற்றிவிடப் போகிறேன், அதே அளவுதான்.

நண்பனுக்குச் சொன்னது இதுதான். அவன் பார்க்கும் வண்டியில் 16 இன்ச் 215/60, 17 இன்ச் 215/55. சுவர் 129-க்கு 118, அங்கேயும் 11 மி.மீ. போகிறது. 118 என்பது மோசமில்லை, என் பழைய டயரை விட நல்ல உயரம். கோவை–அவிநாசி சாலையிலேயே ஓட்டுபவன் என்றால் 17 எடுக்கட்டும். மாதம் ஒரு முறை வால்பாறைப் பக்கம் எஸ்டேட் ரோட்டில் போகிறேன் என்கிறான், அதற்கு 16-தான். விற்பவர் 17-ல் ஒரு சுற்றுதான் ஓட்டக் கொடுப்பார், அதுவும் நல்ல ரோட்டில். 16 இன்ச் வண்டியையும் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒரே மோசமான தெருவில், பின் சீட்டில் அப்பாவை உட்காரவைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன்.

"அப்ப உன் அலாயை வித்துட்டியா?" என்று கடைசியில் கேட்டான். விற்கவில்லை. நான்கும் ஆற்காடு வீட்டு மாடிப்படிக்கு அடியில் சாக்கில் சுற்றி இருக்கின்றன. ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்து நல்ல விலைக்கே கேட்டார், கொடுக்க மனம் வரவில்லை. 15 இன்ச்சில் ஏலகிரி ஏறிப் பார்த்தேன், ஒவ்வொரு வளைவிலும் டயர் ஒரு பக்கம் சாய்ந்து யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. அம்மா வண்டியில் இல்லாத நாட்களில் எனக்குப் பிடித்த வண்டி இன்னும் அந்தப் பழைய 16 இன்ச் வண்டிதான். தாமல் பக்கம் வேலை முழுதாக முடியட்டும், சாக்கைப் பிரித்துவிடுவேன்.