நிலையான விலையா, ஏலமா?

காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் எரிபொருள் வாங்க வேண்டியதில்லை. பெரிய செலவெல்லாம் கட்டும்போதே முடிந்துவிடும். அப்புறம் கடனும் வட்டியும்தான். அதனால் அரசு இந்த மின்சாரத்தை எப்படி வாங்குகிறது என்பது விலையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. விலையை அரசே நிர்ணயித்து, யார் தயாரித்தாலும் வாங்கலாம். அல்லது ஏலம் விட்டு, குறைந்த விலை கேட்பவருக்குக் கொடுக்கலாம்.

முதல் வழியில் பேர் வாங்கியது ஜெர்மனி. 2000-இல் வந்த சட்டம் 20 ஆண்டுகளுக்கு விலை உத்தரவாதம் தந்தது. அந்த உத்தரவாதம் இருந்தால் வங்கி கடன் தரத் தயங்குமா? விவசாயிகளும் கூட்டுறவுச் சங்கங்களும்கூட மின் உற்பத்தியாளர்கள் ஆனார்கள். ஆனால் பணம் மக்களின் மின்கட்டணத்திலிருந்து போனது: 2017-இல் யூனிட்டுக்கு 6.88 சென்ட் கூடுதல் கட்டணம். மின்சாரத்தை அதிகம் தின்னும் பெரிய ஆலைகளுக்குச் சலுகை கிடைத்ததால், அவர்கள் பங்கும் வீடுகளின் தலையில் விழுந்தது. 2022 ஜூலையில் அந்தக் கட்டணத்தை நீக்கினார்கள். செலவு எங்கும் போகவில்லை, அரசின் கணக்குக்கு மாறியது, அவ்வளவுதான்.

ஸ்பெயின் இதே வழியில் போய்ச் சறுக்கியது. தாராளமான விலையைப் பார்த்து 2008-இல் சூரிய மின் நிலையங்கள் குவிந்தன. அந்தச் சுமையை மின்கட்டணத்தில் முழுதாக ஏற்றாமல் கடனாகத் தள்ளிப்போட்டார்கள். பிறகு, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட விலையிலேயே கைவைத்தார்கள். முதலீட்டாளர்கள் சர்வதேசத் தீர்ப்பாயங்களுக்குப் போனார்கள்.

சரி, ஏலம்? சந்தை விலை வெளியே வரும், அரசு அளவுக்கு மீறி வாங்காது. பெரிய திட்டங்களுக்கு ஜெர்மனியே 2017-இல் இதற்கு மாறியது. ஆனால் ஏலத்தில் ஜெயிப்பது வேறு, ஆலையைக் கட்டி முடிப்பது வேறு. அந்த ஆண்டு கட்ட அனுமதி வாங்காமலேயே குடிமக்கள் நிறுவனங்கள், அதாவது உள்ளூர் மக்கள் சேர்ந்து நடத்துபவை, ஏலம் கேட்கலாம் என்றார்கள். ஜெயித்த காற்றாலைகளில் பல எழும்பவே இல்லை. பிரிட்டனில் 2023 ஏலத்தில் கடல் காற்றாலைகள் கேட்கக்கூடிய விலையின் உச்சவரம்பு ஒரு மெகாவாட்-மணிக்கு (1,000 யூனிட்) 44 பவுண்டு (2012 விலைமட்டத்தில்). செலவு ஏறியிருந்த நேரம். கடலடித் தரையில் ஊன்றிக் கட்டும் காற்றாலைகளுக்கு ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. அடுத்த சுற்றுக்கு வரம்பை 73 பவுண்டு ஆக்க வேண்டியதாயிற்று.

என்னைக் கேட்டால், பெரிய நிலையங்களுக்கு ஏலம்தான் சரி. ஏலம் கேட்பவர் முன்கூட்டிக் கட்டும் வைப்புத்தொகை, ஆலையைக் கட்டாமல் நழுவி அதை இழந்தால் கையைக் கடிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். வீட்டுக் கூரைமேல் சூரிய மின்பலகை வைப்பவரை ஏலத்துக்கு இழுப்பது வீண். அவருக்கு நிலையான விலை போதும். பலகை விலை இறங்க இறங்க, புதிதாக வருபவருக்கு அந்த விலையைக் குறைத்துக்கொண்டே போகலாம். பழைய ஒப்பந்தத்தை மட்டும் தொடக்கூடாது. தொட்டால் அடுத்த கடனுக்கு வங்கி வட்டியை ஏற்றிவிடும்.