அம்மாவால் எடுக்க முடிகிற செயலிதான் நல்ல செயலி: திருகோணமலையிலிருந்து ஒரு வீடியோ கோல் அனுபவம்

2025 மே 5ஆம் திகதியோடு ஸ்கைப் நின்றுபோனது. அன்று ரொறன்ரோவிலிருந்து பெரியண்ணா குடும்பக் குழுவில் "எங்களுக்கு முதன்முதல் முகம் காட்டினது இதுதானே" என்று எழுதினார். உண்மைதான். யுத்தம் முடிந்த கையோடு, திருகோணமலை ரவுனில் ஒரு நெட் கஃபேயில் மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அம்மா அண்ணாவைப் பார்த்தது ஸ்கைப்பில்தான். அதற்கு முன்னர் கொமினிகேசன் கடை வாங்கில் குந்தியிருந்து, கோல் வந்தால் குரலை மட்டும் கேட்டுவிட்டு வருவோம்.

அதற்குப் பிறகு வைபர், இமோ, மெசெஞ்சர், வட்ஸ்அப், போட்டிம், சூம், கூகுள் மீட் எல்லாம் எங்கள் வீட்டுப் போன்களில் வந்து போய்விட்டன. நான் திருகோணமலை பாலையூற்றில் அம்மாவோடு இருக்கிறேன். அண்ணா கனடா, தம்பி டுபாய், சித்தி சூரிச், கூடப் படித்த கூட்டாளி மட்டக்களப்பு. இவ்வளவு பேரையும் வைத்துக்கொண்டு வருசக்கணக்காகப் பாவித்ததில் எனக்கு ஒரு விசயம் விளங்கியிருக்கிறது. எந்தச் செயலியில் படம் தெளிவு, எதில் எத்தனை பேர் சேரலாம் என்பதெல்லாம் பிறகு பார்க்கிற கதை. நான் கந்தோருக்குப் போன நேரம், வீட்டில் தனிய இருக்கும் அம்மா அந்தக் கோலை எடுப்பாரா என்பதுதான் முதல் கேள்வி.

வட்ஸ்அப்பில் வீடியோ கோல் வந்தது 2016 நவம்பரில். அதுவரை எங்களுக்கு வைபர்தான். ஊரில் எல்லாரும் ஏற்கெனவே செய்தி அனுப்ப வட்ஸ்அப்பில் இருந்ததால் கோலும் மெல்ல மெல்ல அங்கே போய்விட்டது. அம்மாவுக்கு இரண்டு செயலி பழக்குவது பெரும்பாடு. ஆகவே நானும் ஒன்றோடு நிறுத்திவிட்டேன். இன்றைக்கும் யாராவது எது நல்லது என்று கேட்டால், உங்கள் வீட்டின் வயதான ஆள் எதைத் திறக்கத் தெரிந்து வைத்திருக்கிறாரோ அதையே மற்றவர்களும் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

செயலி சரியாக இருந்தும் கோல் அடிக்காத கதை ஒன்று இருக்கிறது. இது பல வீடுகளில் நடப்பதால் விரிவாகவே எழுதுகிறேன். அம்மாவுக்கு வாங்கிய புதுப் போனில் திரை அணைந்திருந்தால் மணி அடிக்காது. போனைக் கையில் எடுத்துத் திறந்த பிறகுதான் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து நிற்கும். அண்ணா பதறிப்போய் எனக்கு எடுப்பார். நான் பக்கத்து வீட்டு மாமிக்கு எடுப்பேன். மாமி மதிலால் எட்டிப் பார்த்தால், அம்மா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டு நிற்பார். வைபையில் பிழை இல்லை, சிம்மிலும் இல்லை. பற்றரியைச் சேமிக்கவென்று போன் தானாகவே பின்னணிச் செயலிகளை உறங்க வைக்கிறது. போனின் செட்டிங்ஸில் செயலிகள் பகுதிக்குப் போய், வட்ஸ்அப்பைத் திறந்து, பற்றரி என்ற இடத்தில் கட்டுப்பாடு இல்லை என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். சில போன்களில் தானாகத் தொடங்கும் அனுமதி என்று இன்னொன்றும் இருக்கும், அதையும் போட்டுவிட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு அந்தத் தொல்லை எங்களுக்கு வரவேயில்லை.

அம்மாவின் போனில் முகப்புத் திரையில் நான்கு படங்கள்தான் இருக்கின்றன: அண்ணா, தம்பி, சித்தி, நான். ஆண்ட்ராய்டு போனில் ஒவ்வொருவரின் உரையாடலையும் குறுக்குவழியாக முகப்புக்குக் கொண்டுவந்து வைக்கலாம். பெயர் வாசித்துத் தேட வேண்டியதில்லை. முகத்தைத் தொட்டு, மேலே இருக்கும் கமெரா அடையாளத்தை அமத்தினால் போதும். அதோடு, தெரியாத இலக்கங்களை மௌனமாக்கும் வசதி 2023இல் வந்தது. அதைப் போட்டு வைத்தது அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் வெளிநாட்டில் யாராவது புது இலக்கத்துக்கு மாறினால் முதலில் இங்கே சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களின் கோலும் அடிக்காது.

தம்பியோடு கதைப்பதற்குத் தனி ஏற்பாடு. ஐக்கிய அரபு இராச்சியத்தில் வட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம், கோல் மட்டும் போகாது. அங்கே அனுமதி உள்ளவற்றில் போட்டிம் ஒன்று, எங்கள் பக்கத்து ஆட்கள் கனபேர் அதில்தான் கதைக்கிறார்கள். இணையத் தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் போட்டால் வேலை செய்யும் என்று சொல்வோர் இருப்பார்கள். குற்றம் ஒன்றைச் செய்ய அல்லது மறைக்க விபிஎன் பாவித்தால் அந்நாட்டுச் சட்டத்தில் அபராதமே 500,000 திர்ஹத்தில் தொடங்குகிறது. உழைக்கப்போன பிள்ளையை அந்தச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். அம்மாவின் போனில் போட்டிம் வைக்கவில்லை. என்னுடையதில் இருக்கிறது, பின்னேரம் நான் வீட்டுக்கு வந்ததும் எடுத்துக் கொடுக்கிறேன். டுபாய் எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம்தான் பின்னால், ஆனபடியால் நேரம் ஒத்துவருகிறது.

கனடாதான் கஷ்டம். கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், பனிக்காலத்தில் பத்தரை. இங்கே காலை 7 மணி என்றால் அங்கே முதல்நாள் இரவு ஒன்பதரை அல்லது எட்டரை. அண்ணா வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டு இருக்கும் நேரம், அம்மா தேத்தண்ணியோடு இருக்கும் நேரம். இதில் இன்னொரு வசதியும் உண்டு: எங்கள் பெக்கேஜில் இரவு டேட்டா காலை 8 மணி வரை ஓடும். நீண்ட கோல்களை அதற்குள் முடித்துவிட்டால் பகல் டேட்டா மிஞ்சும். மார்ச்சிலும், ஒக்டோபர் கடைசி நவம்பர் தொடக்கத்திலும் மட்டும் கவனம். கனடா மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மணிக்கூட்டை மாற்றுவதால், இடைப்பட்ட நாட்களில் அண்ணாவையும் சித்தியையும் ஒரே கோலில் சேர்க்க நேரத்தைத் திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இலவசம் என்கிறோம், டேட்டாவுக்கு நாங்கள்தானே காசு கட்டுகிறோம். ஒரு மணித்தியால வீடியோ கோல் சில நூறு எம்பியைத் தின்றுவிடும், குரல் கோலுக்கு அதில் சிறு பங்குதான். வட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் சேமிப்பும் டேட்டாவும் என்ற பகுதியில் கோலுக்கு எவ்வளவு போனது என்று தனியே காட்டும். கோலுக்குக் குறைந்த டேட்டா என்ற தெரிவும் அதற்குள்தான் இருக்கிறது. அதைப் போட்டால் முகம் கொஞ்சம் மங்கும், கதை தெளிவாகக் கேட்கும். எங்கள் வழக்கம், முகம் பார்த்துச் சுகம் விசாரித்து முடிந்ததும் கமெராவை நிறுத்திவிட்டுக் குரலில் தொடர்வது.

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில், ரவுட்டருக்கு என்று ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கினோம். இப்போதும் மாரி மழையில் அது கைகொடுக்கிறது. டவரிலேயே பற்றரி இறங்கிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் ஆகிய மூன்று தடவையும் நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது வட்ஸ்அப்பும் சேர்ந்து நின்றது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எங்களைப் பற்றிய பயம் மிஞ்சி நின்றதே அந்த நாட்களில்தான். அதனால் சாதாரண கோலுக்கும் சிம்மில் எப்போதும் கொஞ்சம் மீதி வைத்திருங்கள். 119 பொலிஸையும் 1990 அம்புலன்ஸையும் வட்ஸ்அப்பில் எடுக்க முடியாது என்பதையும் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

அம்மம்மா மோசம்போனபோது சித்தியால் வர முடியவில்லை. ஒரு பொடியன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, இறுதிக்கிரியை முழுவதும் வீடியோ கோலில் போனது. பறை அடிக்கும்போது அங்கே ஒன்றும் கேட்கவில்லை. யாராவது கதைத்தால் மட்டும் கேட்டதாம், தேவாரமும் விட்டுவிட்டுத்தான் வந்ததாம். "படம் மட்டும் ஓடுதடி, என்ர அம்மாவைச் சத்தமில்லாமல் கொண்டுபோறாங்கள்" என்று சித்தி அழுதார். கோல் செயலிகள் மனிதக் குரலைப் பிடித்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று வெட்டும் விதமாகச் செய்யப்பட்டவை. அதுதான் காரணம். 31ஆம் நாள் அந்தியேட்டி கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் நடந்தது. அதற்குச் சூமை எடுத்து, அசல் ஒலி என்ற தெரிவைப் போட்டு, போனை முக்காலியில் வைத்தோம். ஐயரின் மந்திரமும் வாளியால் நீர் வார்க்கும் சத்தமும் சூரிச் வரை போய்ச் சேர்ந்தன. இலவசச் சூம் 40 நிமிசத்தில் முடிந்துவிடும், திரும்ப இணைய வேண்டும். இலவசக் கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிசம். கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீடு காட்டுகிற எல்லாரும் இந்த ஒலி விசயத்தை முதல்நாளே சரிபார்த்து வையுங்கள். திரும்பப் பார்க்க முடியாத நிகழ்வுகள் அவை.

கடைசியாகப் பாதுகாப்பு. வட்ஸ்அப்பில் 2023 ஓகஸ்டில் திரைப் பகிர்வு வந்தது. அம்மாவின் போனில் ஏதாவது மாறிப்போனால் அண்ணா அங்கிருந்தே திரையைப் பார்த்து "அம்மா, கீழ இருக்கிற பச்சையைத் தொடுங்கோ" என்று சொல்லிக் கொடுக்கிறார். அருமையான வசதி. அதே வசதியைக் கள்ளர்களும் கேட்கிறார்கள்: திரையைக் காட்டச் சொல்லி, அதில் வந்து விழும் ஆறு இலக்கக் குறியீட்டைப் பார்த்துக் கணக்கைப் பிடுங்கிவிடுவார்கள். ஆகையால் அந்தக் குறியீட்டோடு இரகசிய இலக்கம் ஒன்றையும் கேட்கும் இரு படிச் சரிபார்ப்பைப் போட்டு, அந்த இரகசிய இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். குறியீட்டை எனக்குக்கூடச் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். குடும்பத்தில் யாருடைய பெயரில் காசு கேட்டுச் செய்தி வந்தாலும், அவருடைய வழக்கமான இலக்கத்துக்கு எடுத்துக் கதைக்காமல் ஒரு சதமும் அனுப்புவதில்லை என்று ஐந்து பேரும் பேசி வைத்திருக்கிறோம்.