சீரியல் செட்டா, அடாப்டர் செட்டா, அகலா: கார்த்திகைக்கு எதை எங்கே வைப்பது?

கார்த்திகை தீபமும் கிறிஸ்துமஸும் மழைக்காலத்தோடுதான் வருகின்றன. அதனால் மாடிக் கிரில்லில் கட்டும் விளக்கை வாங்கும்போது, ஒயரில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மலிவாகக் கிடைக்கும் எல்இடி சீரியல் செட்டுகளில் பெரும்பாலானவை நேரடியாக 230 வோல்ட்டில் எரிபவை. “மொத்தமே அஞ்சு வாட்தானே, என்ன ஆயிடும்?” என்பார்கள். கரண்ட் பில்லுக்கு அந்தக் கணக்கு சரி, ஷாக்குக்கு உதவாது. ப்ளக் பக்கத்தில் உள்ள சின்னப் பெட்டி வோல்ட்டைக் குறைக்கிறது என்று நினைக்கிறோம். பல செட்டுகளில் அது விளக்கை மினுக்குவதற்கு மட்டும்தான். ப்ளக்கைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பல்பின் அடியிலும் ஒயர் நுழையும் இடத்தை லேசாக வளைத்துப் பாருங்கள். செம்புக் கம்பி எட்டிப் பார்த்தால் அந்த செட்டைத் தூக்கிப் போடுங்கள். அது நனைந்த இரும்புக் கிரில்லில் பட்டால் கிரில் முழுக்க கரண்ட் ஏறிவிடும், அதைப் பிடித்து நிற்பது பெரும்பாலும் குழந்தைகள்தான். கரண்ட் கசிந்தால் தானாகவே சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (RCCB) சுவிட்ச் இருந்தால் சட்டென்று ட்ரிப் ஆகும். பழைய வீடுகள் பலவற்றில் அது கிடையாது.

அடாப்டரோடு வரும் 5 அல்லது 12 வோல்ட் செட்டில் இந்தப் பயம் இல்லை. அடாப்டரை வீட்டுக்குள் ஈரம் படாத இடத்தில் செருகி, ஒயரை மட்டும் ஜன்னல் வழியாக வெளியே விட வேண்டும். விலை கூடுதல்தான். நீளமாக இழுத்தால் கடைசி விளக்குகள் கொஞ்சம் மங்கும். இருந்தாலும் வெளியே கட்ட என் ஓட்டு இதற்கே. பழைய குண்டுமணி பல்பு செட் சூடாகும். காகித நட்சத்திரத்துக்குள் வேண்டவே வேண்டாம்.

சரி, அகல்? நல்லெண்ணெய் ஊற்றிய மண் அகலுக்கு ஈடு எதுவும் இல்லை. வாசல் கோலத்தில், ஆள் பக்கத்தில் இருக்கும்வரை எரியட்டும். பாவாடை, துப்பட்டா உரசும் படிக்கட்டிலும் திரைச்சீலை ஆடும் ஜன்னலிலும் பேட்டரி அகல் நல்லது. ஆனால் வாங்கும்போது அடிமூடியைத் திருப்பிப் பாருங்கள், ஸ்க்ரூ போட்டு மூடியிருக்க வேண்டும். சிலவற்றில் உள்ளே இருப்பது பட்டன் பேட்டரி. குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேராக எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.