டெல்லா, எச்பியா? அந்த ஒப்பீட்டு அட்டவணையை நம்பிப் பணம் போடாதீர்கள்

கட்டணம் வாங்கிக்கொண்டு அமெரிக்கப் பங்குகளுக்கு டிப்ஸ் தரும் ஒரு டெலிகிராம் குழுவின் அட்டவணை இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. குழுவின் பெயர் வேண்டாம், இதே சரக்குதான் பல இடங்களில் ஓடுகிறது. இடப்பக்கம் டெல், வலப்பக்கம் எச்பி, பச்சை டிக் எல்லாம் எச்பிக்கு. அடியில், "இரண்டும் கம்ப்யூட்டர் கம்பெனிதான், மலிவானதை வாங்குங்கள்." எச்பி வாங்கத் தகுந்ததா இல்லையா என்பது வேறு பேச்சு. சந்தா கட்டியவர்களுக்குக் கிடைத்த கணக்கே தப்பு என்பதுதான் இங்கே விஷயம்.

பெரிய ஓட்டை "2025" என்ற தலைப்பில் இருக்கிறது. டெல்லின் 2025 நிதியாண்டு 2025 ஜனவரி 31இல் முடிந்துவிட்டது. எச்பியின் 2025 நிதியாண்டு 2024 நவம்பரில்தான் தொடங்கி, 2025 அக்டோபர் 31 வரை ஓடியது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது மூன்றே மாதம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் நின்றது. அதற்கு முன்னால் அலுவலகங்கள் பழைய கணினிகளை மாற்றிய மாதங்கள் எச்பியின் கணக்கில் இருக்கின்றன, டெல்லின் கணக்கில் இல்லை. அதை வைத்துக்கொண்டு "எச்பிதான் வேகமாக வளர்கிறது" என்றால் என்ன சொல்வது?

ஆண்டின் பெயரை விட்டுவிட்டு, காலாண்டு முடிந்த தேதியைப் பாருங்கள். டெல்லின் 2025ஆம் நிதியாண்டு மூன்றாம் காலாண்டு 2024 நவம்பர் 1இல் முடிந்தது. எச்பியின் 2024ஆம் நிதியாண்டு நான்காம் காலாண்டு முடிந்தது அதற்கு முந்தின நாள். பெயரில் ஒரு வருட வித்தியாசம், காலண்டரில் ஒரு நாள். பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டியவை இவை.

அடுத்தது பிஇ, அதாவது பங்கு விலையைப் பங்கு ஒன்றுக்கான லாபத்தால் வகுத்தால் வரும் எண். டெல்லின் 2025 நிதியாண்டு பங்கு ஒன்றுக்கான லாபம் கணக்கியல் விதிப்படி 6.38 டாலர், நிறுவனம் சில செலவுகளைக் கழற்றிவிட்டுச் சொல்லும் "சரிசெய்த" லாபம் 8.14 டாலர். எச்பியின் 2024 நிதியாண்டுக்கு இவை 2.81, 3.38. பங்கு விலை 100 டாலர் என்று வைத்துக்கொண்டால் டெல்லின் பிஇ முதல் கணக்கில் 15.7, இரண்டாவதில் 12.3. அந்த அட்டவணை டெல்லுக்கு முதல் எண்ணையும் எச்பிக்கு இரண்டாவது எண்ணையும் போட்டிருக்கிறது. தெரியாமல் செய்தார்களா, தெரிந்தே செய்தார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

கடனை மூலதனத்தால் வகுத்துச் சொல்லும் கடன்-மூலதன விகிதத்தில் நடந்திருப்பது வேடிக்கை. இரண்டு நிறுவனங்களுக்கும் பங்குதாரர் மூலதனம் (சொத்திலிருந்து கொடுக்க வேண்டியதைக் கழித்தால் மிஞ்சுவது) மைனஸில் இருக்கிறது. எச்பி பல வருடமாகத் தன் பங்கையே திரும்ப வாங்கி வாங்கி அந்த நிலைக்கு வந்தது. டெல்லுக்கு 2013இல் தனியார் கைக்குப் போனது, 2016இல் ஸ்டோரேஜ் நிறுவனமான இஎம்சியை வாங்கியது, பிறகு மென்பொருள் நிறுவனமான விஎம்வேரைப் பிரித்துக் கொடுத்தது என்று கதை நீளம். மூலதனம் மைனஸ் என்றால் விகிதமும் மைனஸ். "கடன் விகிதம் 0.5க்குக் கீழே" என்று பங்குகளை வடிகட்டித் தரும் ஸ்கிரீனரில் போட்டால் மைனஸ் எண்ணும் உள்ளே வந்துவிடும், கடனே இல்லாத கம்பெனி மாதிரி. ஆர்ஓஇ (மூலதனத்துக்குக் கிடைக்கும் லாப விகிதம்), விலை-புத்தக மதிப்பு (பங்கு விலைக்கும் மூலதனத்துக்கும் உள்ள விகிதம்) இரண்டுக்கும் இதே கதிதான். இந்த ஜோடிக்கு அந்த மூன்று வரிசைகளையும் அடித்துவிடுங்கள். வட்டிச் செலவையும் கையில் மிஞ்சும் ரொக்கத்தையும் பாருங்கள்.

"இரண்டும் கம்ப்யூட்டர் கம்பெனி" என்பதும் பாதி உண்மைதான். டெல்லின் 2025 நிதியாண்டு வருமானம் 95.6 பில்லியன் டாலர், அதில் 43.6 பில்லியன் சர்வர், ஸ்டோரேஜ் பிரிவிலிருந்து. எச்பிக்கு 2023 நிதியாண்டில் பிரிண்டர் பிரிவு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஆனால் லாப விகிதம் 19 சதவீதத்தை ஒட்டி. கணினிப் பிரிவில் அது 6 சதவீதம் மட்டுமே. ஒன்று ஏஐ சர்வர் ஆர்டர்களை நம்பி நிற்கிறது, மற்றது இங்க் காட்ரிட்ஜை.

சந்தையில் கம்பெனியைக் குறிக்கும் எழுத்துகளான குறியீட்டிலும் ஏமாறுகிறார்கள். பழைய ஹியூலெட்-பேக்கர்ட் 2015 நவம்பர் 1இல் இரண்டாகப் பிரிந்தது. லேப்டாப், பிரிண்டர் எச்பிக்யூ (HPQ). சர்வர், நெட்வொர்க் எச்பிஇ (HPE). ஆப்பில் "எச்பி" என்று தேடி முதலில் வந்ததை அழுத்தியவர்கள் கையில் வேறு கம்பெனி.

டெல் "ஒரே நாளில் பாதியாக விழுந்த" 2021 நவம்பர் சார்ட்டையும் பயமுறுத்தக் காட்டுகிறார்கள். அப்போது ஒவ்வொரு டெல் பங்குக்கும் சுமார் 0.44 விஎம்வேர் பங்கு பங்குதாரர் கைக்குப் போனது. அதைச் சரிசெய்யாத சார்ட் அது.

டிவிடெண்ட் வரிசையில் எச்பிக்கு டிக் போட்டது சரிதான். ஆனால் இந்தியாவிலிருந்து வாங்குபவருக்கு அமெரிக்கா 25 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். அட்டவணையில் இருப்பது பிடித்தத்துக்கு முந்தின எண்.

சந்தா கட்டிவிட்டவர்கள் குழுவிடம் இரண்டைக் கேளுங்கள்: பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் பதிவு எண், ஒவ்வொரு எண்ணும் எந்தத் தேதியில் முடிந்த காலாண்டினது என்பது. பதிவு எண்ணை அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்காமல் செபி தளத்திலேயே தேடுங்கள். பதிவு பெற்றவர்கள் என்றால் புகாரை செபியின் புகார்த் தளமான ஸ்கோர்ஸில் போடலாம். பதிவே இல்லாமல் பணம் வாங்கி ஏமாற்றியிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் அனுப்பிய ரசீதையும் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.