அவுட்போர்டா, ஸ்டெர்ன்டிரைவா: பராமரிப்பில் எது நம் கைக்கு அடங்கும்?

பொழுதுபோக்குப் படகை நீங்களே பராமரிக்கப் போகிறீர்கள் என்றால், எஞ்சினுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதற்கு முன்னால் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். அவுட்போர்டில் எஞ்சின், கியர், புரொப்பல்லர் எல்லாம் ஒரே கட்டாகப் பின்பலகைக்கு வெளியே தொங்கும். ஸ்டெர்ன்டிரைவில் எஞ்சின் படகுக்குள் இருக்கும். கியரும் புரொப்பல்லரும் கொண்ட ‘கால்’ மட்டும் பின்பலகையில் உள்ள துளை வழியாக வெளியே போய்த் தண்ணீரில் இறங்கும். வோல்வோ பென்டா 1959-ல் அக்வாமேட்டிக் என்ற பெயரில் கொண்டுவந்த ஏற்பாடு அது. பராமரிப்பில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி அந்தத் துளையிலேயே இருக்கிறது.

துளை வழியாகத் தண்ணீர் ஏறாமல் தடுப்பது பெல்லோஸ் எனப்படும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய். எஞ்சினின் சுழற்சியைக் காலுக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டைச் சுற்றி ஒன்று, கியர் கேபிளுக்கு ஒன்று, பல மாடல்களில் புகைபோக்கிக்கும் ஒன்று. வெயிலும் வயதும் அந்த ரப்பரை இறுக வைக்கும். கடலில் நிற்கும் படகென்றால் மடிப்புக்குள் கொட்டலசு ஒட்டி வளர்ந்து, கால் மடங்கும்போது ரப்பரை அறுக்கும்.

நான் முன்பு வைத்திருந்த ஸ்டெர்ன்டிரைவ் படகில், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் ஓர் உறுமல் கேட்டது. பட்டறையில் காட்டினேன், புரொப்பல்லர் சத்தம்தான், ஓட்டுங்கள் என்றார்கள். மனசு கேட்காமல் காலைக் கழற்றிப் பார்த்தேன். மடிப்பின் பள்ளத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு. உள்ளே அந்த ஷாஃப்டைத் தாங்கும் கிம்பல் பேரிங் துருவேறி, விரலால் சுற்றினால் மணல் அரைபடுவது போலக் கரகரத்தது. ஒரு ரப்பர் வேலையாக முடிந்திருக்க வேண்டியது பேரிங், யுனிவர்சல் ஜாயின்ட் (வளைந்தபடியே சுழலவிடும் இணைப்பு), எஞ்சின் நேர்ப்பாடு என்று நீண்டுவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நின்ற இடத்திலேயே படகில் தண்ணீர் நிறைந்திருக்கும். திருப்பும்போது மட்டும் சத்தம் வந்தால் யார் சொன்னாலும் விடாதீர்கள், பிரித்துப் பாருங்கள்.

அவுட்போர்டில் இந்தக் கவலையே கிடையாது. ஓட்டி முடித்ததும் முழுசாகத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடலாம். ஸ்டெர்ன்டிரைவில் காலைத் தூக்கினாலும் பின்பலகையை ஒட்டிய பாகம் நனைந்துகொண்டேதான் இருக்கும். அதனால் காலுக்குப் பதிலாக அரிப்புக்குப் பலியாகும் உலோகத் துண்டுகளான ஆனோடுகளை அதில் அடிக்கடி பார்க்க வேண்டும். பாதி கரைந்ததுமே மாற்றிவிடுங்கள். உப்புத் தண்ணீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், நன்னீருக்கு மக்னீசியம் என்பதை மாற்றிப் போட்டுவிடக் கூடாது. இன்னொன்று, அலுமினியக் காலுக்குச் செம்பு கலந்த அடிப்பாகப் பெயின்டை அடிக்கவே அடிக்காதீர்கள். கால் அரித்துப் போய்விடும்.

சரி, ஸ்டெர்ன்டிரைவுக்கும் நியாயம் பேச வேண்டும். அதில் மூடிய குளிர்விப்பு முறையைத் தேர்ந்தெடுக்க முடியும்: எஞ்சினுக்குள் கூலன்ட் சுற்றும், கடல் தண்ணீர் வெப்பமாற்றியைத் தொட்டுவிட்டு, புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். எஞ்சினின் உள் வழிகள் உப்பைப் பார்க்காமலே வாழும். அவுட்போர்டுகள் பொதுவாக வெளித்தண்ணீரை நேராகவே உறிஞ்சிக் குளிர்பவை. ஆகவே ஒவ்வொரு கடல் ஓட்டத்துக்கும் பிறகு நல்ல தண்ணீரால் அலசியே ஆக வேண்டும். சோர்ந்து வந்த நாளில் இதைத் தள்ளிப்போடத் தோன்றும். அப்படித் தள்ளிப்போடுவதுதான் உள்ளே உப்பாகப் படியும். ஆனால் மூடிய முறை இல்லாத ஸ்டெர்ன்டிரைவ் கடலில் ஓடுகிறது என்றால், அது இரண்டையும்விட மோசம். எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ரைசரும் உள்ளிருந்தே அரித்து, ஒரு நாள் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

உறைபனி விழும் ஊர்களில் அவுட்போர்டை நேராக நிறுத்தி வைத்தால் தண்ணீர் தானே வடிந்துவிடும். ஸ்டெர்ன்டிரைவ் எஞ்சினில் ஒவ்வொரு வடிகால் திருகாகத் திறந்து, துரு அடைத்திருந்தால் கம்பியால் குத்தி வடிக்க வேண்டும். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். எஞ்சின் பிளாக் வெடிக்க அது போதும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய எஞ்சின் அறையின் அடியில் அது தேங்கும். அதனால் ஸ்டெர்ன்டிரைவைக் கிளப்பும் முன் ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோயரை 4 நிமிடமாவது ஓடவிட்டு, மூடியைத் திறந்து முகர்ந்தும் பாருங்கள். எஞ்சின் அடிப்படையில் கார் வகைதான் என்பதால் கார் கடையில் ஸ்டார்ட்டரோ ஆல்டர்னேட்டரோ வாங்கிப் பொருத்தாதீர்கள்; படகுக்கானவை தீப்பொறி வெளியே போகாதபடி மூடிச் செய்யப்பட்டவை. அவுட்போர்டின் எஞ்சின் திறந்த காற்றில் இருப்பதால் இந்த அபாயம் குறைவு. பெட்ரோல் டேங்க் தரைக்கு அடியில் இருந்தால் அங்கே மட்டும் அதே கவனம் வேண்டும்.

கியர் ஆயில் வேலை இரண்டிலும் ஒன்றுதான். கீழ்த் திருகைக் கழற்றி, பிறகு மேல் திருகைத் திறந்தால் ஆயில் இறங்கும். முதலில் வரும் சொட்டுகளை வெளிச்சத்தில் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் ஏதோ ஒரு சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. புது ஆயிலைக் கீழ்த் துளையிலிருந்து மேல் துளையில் வழியும்வரை பம்ப் செய்து, மேல் திருகை முதலில் மூடுங்கள், அப்புறம் கீழ்த் திருகு. வாஷர்கள் இரண்டும் புதுசு. குளிர்விக்கும் தண்ணீரைத் தள்ளும் பம்பின் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரும் இரண்டிலும் ஒன்றுதான், ரப்பர். தண்ணீரில்லாமல் ஓடவிட்டால் சீக்கிரம் தீயும். உடைந்த இறக்கைத் துண்டுகளைத் தேடி எடுக்காமல் மூடிவிடாதீர்கள், அவை உள்ளே போய் வழியை அடைக்கும்.

கையைவிட்டு வேலை செய்ய இடம் என்று பார்த்தால், அவுட்போர்டின் மூடிக்குள் எல்லாம் நெருக்கியடித்து இருக்கும். ஆனால் நின்றபடி செய்யலாம். ஸ்டெர்ன்டிரைவில் பாகங்கள் பழகியவை, ஆனால் குனிந்தும் படுத்தும்தான் எட்டும்.

கடலில் நிறுத்தி வைக்கும் படகுக்கு நான் அவுட்போர்டையே சொல்வேன், தயக்கமில்லாமல். ஏரியில் ஓட்டி அன்றைக்கே டிரெய்லரில் ஏற்றிவிடுகிறவருக்கு, பின்னால் நீச்சல் மேடையும் வேண்டும் என்றால், ஸ்டெர்ன்டிரைவ் நல்ல தேர்வு. வருஷத்துக்கு ஒரு முறை காலைக் கழற்றி பெல்லோஸை மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். கடைசியாக மாற்றிய தேதியை எஞ்சின் மூடியின் உள்பக்கத்தில் அழியாத மையால் எழுதி வையுங்கள்.